பத்து நாள்ல பிஜிஎம் போட்டா உருப்படுமா?

ரீல்பெட்டி:
நேத்து ஒரு புதுப்படம், பேர் வேணாம். செகண்ட் ஹாஃப் முழுக்க ஹீரோ நடந்தா ஒரு "தும்", திரும்புனா ஒரு "தும்", தண்ணி குடிச்சாலும் "தும்". கேட்டா ஆர்.ஆர்.க்கு, அதான் பிஜிஎம் போடற வேலைக்கு, டைமே இல்லங்கறாங்க. ராஜா சார் ரீலை ஒரு தடவை பாத்துட்டு நேரா நொட்டேஷன் எழுதுவாரு, 1976ல அன்னக்கிளில ஆரம்பிச்சு ஆயிரம் படம் தாண்டிட்டாரு. டைம் இல்லங்கறதெல்லாம் சாக்கு.

பேஸ்கிடார்:
அண்ணே, அவரை வச்சு ஊருக்கே அளவெடுத்தா எப்டி? அவர் எழுதுனத வாசிக்க ஒரு ஹால் நிறைய ஆளுங்க உக்காந்திருந்தாங்க. இன்னிக்கு நிறைய படத்துல ஒருத்தன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வயலினும் அவனே தபேலாவும் அவனே.

ரீல்பெட்டி:
சரி ராஜாவ விடு. 1974, சைனாடவுன்னு ஒரு ஹாலிவுட் படம். முதல்ல போட்ட இசைய தூக்கிட்டு ஜெர்ரி கோல்ட்ஸ்மித்த கூப்ட்டாங்க, பத்தே நாள். ஒரு ட்ரம்பெட், நாலு பியானோ, நாலு ஹார்ப், ஸ்ட்ரிங்ஸ், பெர்கஷன், அவ்ளோதான். ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு.

மழைச்சத்தம்:
அது எடிட் முடிஞ்ச படம் சார். இங்க பாட்டுக்கு மாசக்கணக்குல டைம் குடுப்பாங்க, ஏன்னா ஆடியோ ரைட்ஸ் முன்னாடியே விக்கணும். பிஜிஎம் கடைசில, அதுவும் பாதி சிஜி ஷாட் வராம ஸ்க்ரீன்ல வெறும் பச்சைத்துணி. பச்சைத்துணிக்கு என்ன ராகம் போடுவீங்க?

பேஸ்கிடார்:
அதேதான். நான் ஒரு மியூசிக் டைரக்டர்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்தப்ப நடந்தது, சண்டை சீன், டெம்போ 120, அதாவது நிமிஷத்துக்கு 120 பீட், செகண்டுக்கு 24 ஃப்ரேம்னா ஒரு பீட்டுக்கு 12 ஃப்ரேம். கண்ணாடி உடையறது கரெக்டா பாரோட (ஒரு தாளச் சுத்தோட) முதல் பீட்டுல விழணும்னு ரெண்டு நாள் உக்காந்து செட் பண்ணோம். ராத்திரி பதினோரு மணிக்கு எடிட்ல இருந்து புது வெர்ஷன் வருது, கண்ணாடிக்கு முன்னாடி 18 ஃப்ரேம் காணோம். முக்கா செகண்ட்தான், ஆனா ஒன்றரை பீட்! அதுக்கப்புறம் வர்ற அடி ஒவ்வொண்ணும் தாளத்துக்கு நடுவுல போய் விழுது. ரிலீஸுக்கு ஆறு நாள், இன்னும் க்ளைமாக்ஸ தொடவே இல்ல.

ரீல்பெட்டி:
அந்த எடத்துல மியூசிக்க நிறுத்திருக்கலாமே? கண்ணாடி சத்தம் மட்டும் கேட்டா போதாதா?

பேஸ்கிடார்:
நிறுத்தித்தான் போட்டுக் காட்டுனோம். டைரக்டர் "என்ன இங்க காலியா இருக்கு"ன்னாரு. எந்த ஷாட்டுக்கு எந்த பீட்டுன்னு திரும்ப டெம்போ மேப் போட நேரமில்ல, வெட்டு விழுந்த எடத்துல பழைய தாளத்த அறுத்து, அறுத்தது தெரியாம இருக்க மேல ஒண்ணு வச்சோம்.

மழைச்சத்தம்:
என்ன வச்சீங்க?

பேஸ்கிடார்:
"தும்".

ரீல்பெட்டி:
அடப்பாவி. எந்தப் படம்? இன்பாக்ஸ் வா.