ஊட்டி லேபில் வயலசீன்: ஊதா வராமல் பச்சையாக நிற்கிறது, ஏன்?

கேள்வி: நீலமலை_பயோ
எம்எஸ்சி ப்ராஜெக்ட். வயலசீன் என்ற ஊதா நிறமிக்கான ஐந்து ஜீன்களும், அதாவது வயோ ஏ முதல் இ வரை, உள்ள பிளாஸ்மிட்டை (சிறு டிஎன்ஏ வளையம்) லேப் இ.கோலையில் ஏற்றியாயிற்று. 250 மி.லி. பிளாஸ்கில் 100 மி.லி. எல்பி மீடியம் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் கரைசல்), 37 டிகிரி, ஜீன்களை இயக்கிவிட ஐபிடிஜி 1 மில்லிமோலார். ஊதாவுக்குப் பதில் அழுக்குப் பச்சை. இடையிடையே வேறு கிருமியும் புகுந்துவிடுகிறது. ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். வயலசீனுக்கு மூலப்பொருளான டிரிப்டோபேன் அமினோ அமிலத்தைச் சேர்த்தால் நிறம் ஏறுமா?

பதில்: கேஜ்_பார்
முதலில் ஆட்டோகிளேவ். 15 பவுண்டுக்கு 121 டிகிரி என்பது சென்னைக் கணக்கு. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தை மட்டும்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே அதே 15 பவுண்டில் உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். 121 வர ஏறக்குறைய 18.5 பவுண்டு வேண்டும். சேஃப்டி வால்வு அதற்கு இடம் தராவிட்டால் வால்வில் கை வைக்காதீர்கள், 40 நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறிய பிறகே வெளியேற்று வால்வை மூட வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

பதில்: ஊதாக்குடுவை
பச்சை நல்ல துப்பு. ஏ, பி, இ மூன்றும் வேலை செய்து சி செய்யாவிட்டால் பாதை பச்சைப் பொருளோடு நின்றுவிடும். டி மட்டும் படுத்தால் பச்சை வராது, டிஆக்ஸிவயலசீன் வரும். சி, டி இரண்டு என்சைமுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். உங்கள் மலையில் அதன் அழுத்தம் கடலோரத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. அதில் பிளாஸ்கை 100 மி.லி. நிரப்பினால் மூச்சு முட்டத்தான் செய்யும். 25 மி.லி. போதும், 200 ஆர்பிஎம், பஞ்சு அடைப்பு. ஓடி (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.6 வந்ததும் 25 டிகிரிக்கு இறக்கி, ஐபிடிஜி 0.1 கொடுத்து 24 மணி நேரம் விடுங்கள். 37-இல் 1 மில்லிமோலார் கொடுத்தால் புரதம் சரியாக மடியாமல் கட்டி தட்டிப்போகும்.

அதற்கு முன் அகர் தட்டில் கீறிப் பாருங்கள். தட்டில் ஊதா, பிளாஸ்கில் பச்சை என்றால் காற்றுதான் குறை. தட்டிலும் பச்சை என்றால் சி ஜீனை சீக்வென்ஸிங்குக்கு அனுப்புங்கள்.

பதில்: நீலமலை_பயோ
தட்டில் ஓரக் காலனிகள் ஊதா! அப்படியானால் டிரிப்டோபேன்?

பதில்: ஊதாக்குடுவை
இப்போது வேண்டாம். இ.கோலையின் டிரிப்டோபனேஸ் அதில் பெரும்பகுதியை உடைத்து இண்டோலாக்கிவிடும். லேப் நாறுவதுதான் மிச்சம். ஆம்பிசிலின் (ஆன்டிபயாடிக்) தட்டு என்றால் சுற்றிலும் முளைக்கும் பொடிக் காலனிகளை எடுக்காதீர்கள், அவற்றில் பிளாஸ்மிட் இருக்காது. வயலசீன் தண்ணீரில் கரையாது. செல்லை சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, எத்தனாலில் கரைத்து, 575 நானோமீட்டரில் அளவிடுங்கள்.

பதில்: கேஜ்_பார்
வயலசீன் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமியைத் தடுக்கிறது என்பதற்காக, அதை இயற்கையாகவே உருவாக்கும் குரோமோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவையே வளர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். குரோமோபாக்டீரியம் அபூர்வமாகத்தான் தொற்றும், ஆனால் தொற்றினால் உயிரைப் பறிக்கும் செப்சிஸ் (உடலெங்கும் தாக்கும் கடும் தொற்று நிலை) வரலாம். இ.கோலையே இருக்கட்டும். கழிவுக் கல்ச்சருக்கும் அதே 40 நிமிடம். ஜீன் மாற்றிய பாக்டீரியா உயிரோடு சாக்கடைக்குப் போகக்கூடாது.