மாந்துவாவின் பலாட்ஸோ தே: முற்றத்துச் சுவரில் கற்கள் சரிந்திருப்பது ஏன்?

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:
மிலானில் மகள் வீட்டில் மூன்று மாதமாகத் தங்கியிருக்கிறேன். போன ஞாயிறு மாந்துவாவுக்கு ரயிலில் அழைத்துப் போய் பலாட்ஸோ தே என்ற அரண்மனையைக் காட்டினாள். பொதுப்பணித் துறைக் கட்டடங்களில் 34 வருடம் விரிசல் தேடியே பழகிய கண் எனக்கு. ஓவியம் பார்க்கச் சொன்னால் சுவரைத்தான் பார்ப்பேன்.

நடு முற்றத்தில் அரைத்தூண்களுக்கு மேலே ஒரு பட்டை ஓடுகிறது. அதில் மூன்று வரி செதுக்கிய கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு தூண்களுக்கு நடுவே வரும் கட்டை மட்டும் கீழே நழுவித் தொங்குகிறது. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுவேன். எதிரெதிரான இரண்டு சுவர்களிலும் இப்படியே. 2012ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் வேலை என்று மகளிடம் சொன்னேன், சிரித்தாள். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அத்தனை கட்டைகளும் ஒரே அளவுதான் இறங்கியிருக்கின்றன, சுற்றிலும் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. அஸ்திவாரம் இவ்வளவு ஒழுங்காக இறங்கி நான் பார்த்ததில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுதைக்காரன்:
ஐயா, உங்கள் கண் தப்பவில்லை. அவை இறங்கவில்லை, இறக்கி வைக்கப்பட்டவை. கட்டியவர் ஜூலியோ ரோமானோ, ஓவியர் ரஃபேலின் மாணவர். 1524இல் ரோமிலிருந்து மாந்துவாவுக்கு வந்து, அந்த ஊரை ஆண்ட ஃபெதரிகோ கொன்ஸாகாவுக்காக இதைக் கட்டினார். வேலை முடிய ஏறக்குறைய பத்து வருடம் ஆயிற்று.

அந்தக் கட்டைக்கு ட்ரைகிளிஃப் என்று பெயர். மரக்கோயில் காலத்து உத்தர முனைகள்தான் பின்னால் கல்லில் இப்படி ஆயின என்று பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். அதாவது பாரம் தாங்குகிற பாவனை அதற்கு உண்டு. ஃபெதரிகோவின் விருந்தாளிகள் அந்தக் கட்டட இலக்கணம் படித்தவர்கள். உத்தரமே நழுவுகிறதே என்று ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு சிரிக்க வேண்டும். இன்னொரு குறும்பையும் பார்த்தீர்களா? மாடங்களுக்கு மேலுள்ள முக்கோண முகப்பை அடியிலிருந்து சாவிக்கல், அதாவது வளைவின் உச்சிக்கல், முட்டித் தள்ளுகிறது.

நான் வெரோனாவில் பழைய பூச்சுகளைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். எனக்கு இதைவிட வியப்பு, அந்தக் 'கற்களில்' பெரும்பாலானவை கல்லே அல்ல என்பதுதான். மாந்துவாவைச் சுற்றிச் சதுப்பும் ஏரியும்தான், கல் வெட்டும் மலை அருகில் இல்லை. உள்ளே செங்கல், மேலே சுதை. கரடுமுரடான பாறை போலத் தெரிவதும் கொத்தனாரின் கைவேலைதான்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:
சுதையா! தட்டிப் பார்த்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்திருக்கும், காவலர் முறைத்துக்கொண்டு நின்றார். விளக்கத்துக்கு நன்றி தம்பி. ஆனாலும் என் கீழ் வேலை பார்த்த ஒருவர் இப்படி வைத்திருந்தால், பிரித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்லியிருப்பேன்.

சுதைக்காரன்:
1526இல் கொன்ஸாகா கட்டடங்களுக்கெல்லாம் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டவர் அந்த ஜூலியோவேதான் ஐயா. உங்கள் பதவி. பிரிக்கச் சொல்ல மேலே யாரும் இல்லை.

மேற்கு வாசல்:
ஒன்று சேர்க்கிறேன். அந்த இடத்தில் முதலில் கொன்ஸாகாக்களின் குதிரை லாயம் இருந்தது. ஜூலியோ பழைய சுவர்களை இடிக்காமல் வட பக்கத்தில் பயன்படுத்திக்கொண்டார். வெளியே வட முகப்பில் இடைவெளிகள் சமமாக இல்லாததற்கு அதுவே காரணம். உள்ளே ஒரு கூடத்தில் ஆறு குதிரைகள் நிஜக் குதிரையின் அளவிலேயே வரையப்பட்டுள்ளன. மோரெல் ஃபவோரிதோ, தாரியோ என்று அவற்றுக்குப் பெயர்கூட உண்டு. எந்த மனிதருக்கும் அங்கே அவ்வளவு பெரிய படம் கிடைத்ததாகத் தெரியவில்லை!

அரக்கர் அறைக்குப் போனீர்களா?

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:
போனேன். இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். நாலு சுவரும் கூரையும் ஒரே ஓவியம், மூலைகளை வளைத்துப் பூசி மறைத்துவிட்டார்கள். ரோமானியக் கடவுள்களின் அரசன் ஜுபிடர் இடியை எறிகிறார், தூண்கள் முறிந்து அரக்கர்களின் தலையில் விழுகின்றன. எந்தச் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாத அறையில் என்னைப் போன்றவன் எப்படி நிற்பது?

மேற்கு வாசல்:
1532 முதல் 1535 வரை வரைந்தது. முன்பு தரையும் உருளைக்கற்களாக இருந்தது. சுவரின் அடியிலும் அதே கற்களை வரைந்து, காலடியையும் குழப்பியிருந்தார்கள். இப்போதுள்ள தரை 18ஆம் நூற்றாண்டில் போட்டது. முற்றத்தில் விரலளவு நழுவிய கட்டை அந்த அறையில் முழுக் கட்டடமாகவே விழுகிறது. நான் எப்போதும் முற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போவேன்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:
அப்படியென்றால் நான் பார்த்த வரிசை சரிதான். வரும் ஞாயிறு மறுபடி போகிறோம். வட முகப்பின் இடைவெளிகளை அளக்க டேப் எடுத்து வைத்திருக்கிறேன். காவலர் முன்னால் மானத்தை வாங்காதீர்கள் என்கிறாள் மகள்.