லேப்டாப்பை அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டினேன், கரகரக்கிறது!

கீழவாசல்காரன்:
அப்பா 1986-இல் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் பத்து வருடமாகப் பரணில் கிடந்தது. போன வாரம் இறக்கித் துடைத்து ஸ்விட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது! கூட இருந்த கேசட் டெக் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. சரி, லேப்டாப்பில் இருக்கிற பாட்டை இதில் கேட்கலாம் என்று 120 ரூபாய்க்கு ஒரு ஒயர் வாங்கினேன். ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின்.

ஆம்ப் முதுகில் நான்கு ஜோடி ஓட்டைகள்: போனோ, டியூனர், ஆக்ஸ், டேப். போனோ என்றால் போன், ஹெட்போன் வகையறா என்று நினைத்து அதில் செருகினேன். பாட்டு வருகிறது, ஆனால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி. தபேலா மட்டும் சுவரை இடிக்கிறது. போதாததற்குப் பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஊரிலிருந்து வருகிறார். ஆம்ப்பை நான் கெடுத்துவிட்டேனா?

ரிச்சிதெரு_ரசிகன்:
கெடவில்லை, பயப்படாதீர்கள். போனோ என்பது இசைத்தட்டு பிளேயருக்கானது. தட்டின் மேல் ஓடும் ஊசியிலிருந்து சில மில்லிவோல்ட்தான் வரும், அதனால் அந்த ஓட்டைக்குப் பின்னால் தனியாக ஒரு பெருக்கி உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப் அதைவிட நூறு மடங்குக்கு மேல் தள்ளும், கரகரக்காமல் என்ன செய்யும்? இன்னொன்று, இசைத்தட்டில் பேஸை, அதாவது தபேலா மாதிரியான அடித்தொண்டை ஒலியை, குறைத்துத்தான் பதிவார்கள். போனோ அதைத் திரும்பத் தூக்கிக் கொடுக்கும். உங்கள் தபேலா இடிப்பது அதனால்தான்.

ஆக்ஸில் மாட்டுங்கள், வெளியிலிருந்து எதை வேண்டுமானாலும் செருகுவதற்கான பொது ஓட்டை அது (போனோ மாதிரி தனிப் பெருக்கி கிடையாது). டியூனர், டேப் இன் எதுவானாலும் சரிதான். டேப்பில் 'அவுட்' என்றும் ஒரு ஜோடி இருக்கும், அதில் மட்டும் வேண்டாம். சிவப்பு வலது, வெள்ளை இடது. முன்பக்கக் குமிழையும் ஆக்ஸுக்குத் திருப்ப மறக்காதீர்கள் (நான் ஒருமுறை மறந்துவிட்டு அரை மணி நேரம் ஒயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்). லேப்டாப்பில் ஒலியை 80, 90-இல் வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்பிலேயே செய்யுங்கள்.

நீலப்பல்:
இந்த ஒயர் வம்பே எதற்கு? ஒரு புளூடூத் ரிசீவர் வாங்கிப் போட்டால் முடிந்தது.

ரிச்சிதெரு_ரசிகன்:
அந்த ரிசீவரையும் ஆக்ஸில்தான் ஐயா மாட்ட வேண்டும்.

மைக்செட்காரன்:
தம்பி, இரைச்சலுக்கு வருகிறேன். போனோவிலிருந்து எடுத்தாலே பாதி குறையும். மீதி இருந்தால், பாட்டு ஓடும்போது சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சட்டென்று நின்றால் எர்த் பிரச்சினை. லேப்டாப் ஒரு சுவரில், ஆம்ப் வேறொரு சுவரில் என்றால் இரண்டு எர்த்துக்கும் நடுவே உங்கள் ஒயர் பாலம் போட்டுவிடும், 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதன் வழியே பாட்டுக்குள் வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று சின்ன டப்பா கிடைக்கும், ஒயரின் நடுவே போடலாம். எவனாவது சொன்னான் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நான் மேடையில் கை வைத்து உதறியவன், சொல்கிறேன்.

பழைய ஓட்டைகள் கறுத்திருக்கும். பின்னைச் செருகி நான்கைந்து முறை இப்படியும் அப்படியும் திருகுங்கள், கறை போகும். செய்யும்போது ஆம்ப் ஆஃபில் இருக்கட்டும்.

கீழவாசல்காரன்:
ஆக்ஸுக்கு மாற்றியதும் கரகரப்பு போயே போச்சு. ஆனால் வலது ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. மைக்செட் அண்ணன் சொன்னபடி சிவப்புப் பின்னைத் திருகினேன், ஐந்தாவது திருகலில் 'சர்ர்' என்று உயிர் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் பின் முழுக்கக் கரி. (ஆம்ப்பை ஆஃப் பண்ணவில்லை, மன்னிக்கவும்.)

'ம்ம்ம்' சார்ஜரைப் பிடுங்கினதும் நின்றது. சார்ஜர் சமையலறைப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். இப்போது இரண்டும் ஒரே பாக்ஸில். ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் லேசாகக் கேட்கிறது, ஐசொலேட்டர் வாங்கப் போவதில்லை.

அப்பா வந்து பார்த்துவிட்டு, "ஆக்ஸில் போட்டாயா, போனோவிலா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஆக்ஸ்தான், வேறெதில்?" என்றேன்.