ஹார்ட்னருக்கு ஒரு சொல்லா, இரண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

பிசினை அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின் வார்ப்புக்கான நம் சொற்பட்டியலில் ‘ஹார்ட்னர்’, ‘காட்டலிஸ்ட்’ இரண்டுக்கும் எதிரே ‘கடினமாக்கி’ என்றே இருக்கிறது. இதைப் பிரித்தே ஆகவேண்டும்.

எப்பாக்சி என்ற பிசின் இரண்டு பாட்டிலாக வரும். இரண்டாவது பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் அமீன் என்ற வேதிப்பொருள். அது பிசினோடு தானும் பிணைந்து வார்ப்பின் பகுதியாகவே நின்றுவிடுகிறது. ஆகவே அளவு கணக்காக இருக்கவேண்டும். ‘சீக்கிரம் இறுகட்டும்’ என்று கூடுதலாக ஊற்றினால், மிஞ்சிய அமீனுக்குப் பிணைய ஆள் இல்லை. வார்ப்பு நெகிழ்ந்து, பிசுபிசுத்தே கிடக்கும். எத்தனை நாள் வைத்தாலும் சரியாகாது. தராசில் அளப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: பிசினின் அடர்த்தி 1.12, அமீனுடையது 1.0 என்றால், கனஅளவில் 2:1 என்பது எடையில் 100க்கு 45தான், 50 அல்ல.

இன்னொரு வகைப் பிசினான பாலியெஸ்டரின் கதை வேறு. அங்கே பிணைவது பாலியெஸ்டரும் அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவமும். மெத்தில் எதில் கீட்டோன் பெராக்சைடு அந்த வினையைத் தொடக்கிவிடுகிறது, அவ்வளவே. 100 கிராம் பிசினுக்கு 1 முதல் 2 கிராம் போதும். எப்பாக்சிப் பழக்கத்தில் இதைத் தாராளமாக ஊற்றினால் கோப்பையிலேயே கொதித்துப் புகையும், விரிசல் விடும். இந்தப் பழக்கத்தில் எப்பாக்சிக்கு 2 கிராம் விட்டால் அது இறுகவே இறுகாது. ஒரே பெயர் இரண்டு பக்கமும் கெடுக்கிறது.

என் பரிந்துரை: எப்பாக்சிக்கு ‘இணைப்பங்கு’. பாலியெஸ்டருக்கு ‘உறைத்துளி’. குடம் பாலுக்குக் கொஞ்சம் உறைமோர் போதும் அல்லவா? புறநானூறு 276ஆம் பாட்டிலேயே ‘குடப்பால் சில் உறை’ என்று வருகிறது.

———

> பாலியெஸ்டருக்கு ‘உறைத்துளி’

ஐயா, ‘இணைப்பங்கு’ மிகப் பொருத்தம். பங்கு என்றதும் கை அளவுகோலைத் தேடும். ஆனால் ‘துளி’ வேண்டாம். படிப்பவர் சொட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். சொட்டின் பருமனோ குழாய்க்குக் குழாய் மாறும். 30 கிராம் பிசினுக்கு 1.5 சதவீதம் என்றால் 0.45 கிராம், ஏறக்குறைய 0.4 மில்லி. இதை 0.01 கிராம் காட்டும் தராசிலோ ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சிலோதான் அளக்கவேண்டும். ‘உறைமம்’ என்று வைக்கலாம். ‘வினையூக்கி’யும் சரிவராது: வினையூக்கி செலவழியாது, பெராக்சைடு சிதைந்து தீர்ந்துபோகும்.

பாலியெஸ்டரோடு வரும் மூன்றாவது பாட்டிலையும் மறக்கக்கூடாது, வினையை விரைவுபடுத்துவது அது. கடையில் ‘கோபால்ட்’ என்று தருவதற்கு ‘முடுக்கி’ என்ற சொல் போதும், ஆனால் எச்சரிக்கை விளக்கத்துக்குள்ளேயே வரவேண்டும். முடுக்கியும் பெராக்சைடும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். முதலில் முடுக்கியைப் பிசினில் விட்டு நிறம் சீராகும்வரை கலக்கவேண்டும், பிறகே பெராக்சைடு. இரண்டுக்கும் ஒரே குச்சியோ ஒரே சிரிஞ்சோ கூடாது. பெராக்சைடு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்கவேண்டாம். தெறித்துவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் போகவேண்டும்.

———

> ‘உறைமம்’ என்று வைக்கலாம்

‘உறைநிலை’ என்று பாடநூலில் பனிக்கட்டிக்குப் படித்தவர்கள் குழம்புவார்களோ என்று யோசித்தேன். உறைமோர் எல்லா வீட்டிலும் இருக்கிறது, குழப்பம் நிற்காது. ஏற்கிறேன்.

ஆனால் பட்டியலில் ‘கியூரிங்’குக்கு ‘காய்தல்’ என்றிருப்பது ஆபத்தானது. இங்கே வார்ப்பு ஆவியாதலால் காய்வதில்லை, பிணைந்து இறுகுகிறது. ‘காய்தல்’ என்று படித்தவர் வார்ப்பை வெயிலில் வைப்பார். அது சூட்டை இன்னும் ஏற்றும். ‘இறுகுதல்’ என்றே எழுதுவோம்.

‘பாட் லைஃப்’ என்பதற்கு ‘கலவை ஆயுள்’ மந்தமாக இருக்கிறது. அதற்குள் ஊற்றி முடிக்கவேண்டிய நேரம் அது, ‘வார்ப்புக்கெடு’ எனலாம். வெப்பம் 10 பாகை கூடினால் கெடு ஏறத்தாழப் பாதியாகும்: 25 பாகையில் 40 நிமிடம் என்றிருந்தால் 35 பாகையில் 20 நிமிடம். கலவை ஆழமான கோப்பையில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே கெடு இன்னும் சுருங்கும். அகலத் தட்டில் பரப்பிவைத்தால் தாங்கும்.

கையுறைக்கு ‘நைட்ரைல்’ என்று பெயர் சொல்லியே எழுதவேண்டும். எப்பாக்சி, அமீன் இரண்டுமே தோலில் தீராத ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. தோலில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். ஸ்டைரீன் ஆவியைத் துணி முகக்கவசமோ தூசுக் கவசமோ தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகுடுவை (கார்ட்ரிட்ஜ்) பொருத்திய கவசம் தேவை.

பட்டியலில் இப்படி ஏற்றலாமா?

இணைப்பங்கு: எப்பாக்சிப் பிசினோடு குறித்த விகிதத்தில் கலந்து, தானும் பிணையும் பாகம். கூட்டவும் குறைக்கவும் கூடாது.

உறைமம்: பாலியெஸ்டர் இறுகுவதைத் தொடக்கிவைக்கும் பெராக்சைடு. பிசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். முடுக்கியோடு நேரடியாகச் சேர்க்கக்கூடாது, வெடிக்கும்.