லாவ் ஷவின் ‘ஒட்டகம் ஷியாங்ஸி’: வாசிப்பு வட்டத்துக்கு எந்தப் பதிப்பு, எப்படிப் பிரிப்பது?

காட்பாடி வாசகர்:

தோழர்களுக்கு வணக்கம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் அடுத்து சீன எழுத்தாளர் லாவ் ஷவின் ‘ஒட்டகம் ஷியாங்ஸி’ நாவலை எடுக்கிறோம். பெய்ப்பிங் (இன்றைய பெய்ஜிங்) நகரத்தில் கைரிக்‌ஷா இழுப்பவனின் கதை. ஒருவர் ஆங்கிலத்தில் படித்துவந்து தமிழில் சொல்வார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். ஆட்டோ ஓட்டுபவர்கள், குடியாத்தத்துப் பீடித் தொழிலாளர்கள், ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் வருகிறார்கள். காசுக் கணக்கில் பிசகு இருந்தால் உடனே பிடித்துவிடுவார்கள்.

ஒரு பதிப்பில் முடிவு நல்லபடியாக இருக்கிறது, இன்னொன்றில் அவன் அழிந்துபோகிறான். எதை நம்புவது? 24 அதிகாரங்களை ஆறு வாரத்துக்கு எப்படிப் பிரிப்பது? 96 யுவான், 35 யுவான் என்று வரும் தொகைகளை இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சொல்லலாமா? ‘குடித்துக் கெட்டான், அவ்வளவுதானே’ என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது?

பாலாற்றங்கரை:

முதலில் பதிப்பைச் சரிபாருங்கள் தோழர். அதில் தவறினால் ஆறு வாரமும் வேறு கதையைப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

நாவல் 1936-37இல் பத்திரிகைத் தொடராக வந்து 1939இல் புத்தகமானது. 1945இல் ஈவான் கிங் என்ற புனைபெயரில் ஓர் அமெரிக்கர் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அமெரிக்காவில் அது ஏராளமாக விற்றது. ஆனால் ஆசிரியரின் ஒப்புதல் இல்லாமலே முடிவை மாற்றிவிட்டார்: ஷியாங்ஸி, தான் விரும்பும் ஷியாவ் ஃபூஸியை விபசார விடுதியிலிருந்து மீட்டுக்கொண்டு போகிறான். மூலத்தில் அவன் தேடிக்கொண்டு போய்ச் சேரும்போது அவள் தூக்கில் தொங்கி இறந்துபோயிருக்கிறாள்.

இரண்டாவது குழப்பம் சீனாவிலேயே நடந்தது. 1955இல் வந்த திருத்திய பதிப்பில் கடைசி ஒன்றரை அதிகாரத்தை லாவ் ஷவே நீக்கினார். அதாவது 23இன் பின்பாதியும் 24 முழுவதும் போயின. ஆகவே கையில் உள்ள பிரதியின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அந்தப் பெண் உயிரோடு மீட்கப்பட்டால் அது 1945 பிரதி. 24ஆம் அதிகாரமே இல்லாவிட்டால் 1955 வழி வந்தது. கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் கொடி தூக்கிக்கொண்டு, தெருவில் சிகரெட் துண்டு பொறுக்கும் ஷியாங்ஸியோடு முடிந்தால் அதுதான் முழு மூலம். ஜீன் ஜேம்ஸின் 1979 மொழிபெயர்ப்பும் ஹோவர்ட் கோல்ட்பிளாட்டின் 2010 மொழிபெயர்ப்பும் முழு மூலத்தைத் தருகின்றன. கிடைத்தால் கோல்ட்பிளாட்டை எடுங்கள். வாய்விட்டுச் சொல்வதற்கு அதன் ஓட்டம் தோதாக இருக்கும்.

பிரிப்பது: முதல் வாரம் 1-4, வண்டி வாங்குவதிலிருந்து ஒட்டகம் விற்றுத் திரும்புவது வரை. அடுத்து 5-9. மூன்றாம் வாரத்துக்கு 10, 11, 12 மட்டும் போதும். பக்கம் குறைவாயிற்றே என்று கூட்டிவிடாதீர்கள், நாவலின் முதுகெலும்பு அங்கேதான். பிறகு 13-15, 16-19, 20-24. கடைசி வாரத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அதிகாரத்தின் ஆரம்பப் பக்கங்களைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ரிக்‌ஷாக்காரர்களை வயது, வண்டியின் தரம், ஓடும் பகுதி எனத் தரம் பிரித்துக் காட்டுகிற பக்கங்கள் அவை. நல்ல வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து, வேண்டியபோது ஓட்டுகிற இளைஞர்கள். ஒரே வீட்டில் மாதச் சம்பளத்துக்கு இழுப்பவர்கள். தூதரகத் தெருவில் வெளிநாட்டாரை மட்டும் ஏற்றுகிறவர்கள். நாற்பதைத் தாண்டி, ஓட்டை வண்டியோடு குறைந்த சவாரிக்கு அலைகிறவர்கள். ரயில் நிலைய ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாண்டு, ஷேர் ஆட்டோ வழித்தடம் என்று நம் ஆட்டோக்காரர்களுக்குள் இருக்கிற படிநிலையை அறிந்தவர்கள் அந்தப் பக்கங்களிலேயே நாவலுக்குள் வந்துவிடுவார்கள்.

கணக்கு நோட்டு:

இன்றைய ரூபாய்க்கு மாற்றவே மாற்றாதீர்கள். அந்த யுவான் வெள்ளி நாணயம். வெள்ளி விலையை வைத்துப் பெருக்கினால் வரும் தொகைக்கும் அன்றைய கூலிக்கும் அரிசி விலைக்கும் பொருத்தமே இருக்காது. நாவல் தானே ஓர் அளவுகோல் தருகிறது. நாளைக்கு ஒரு மாவ் மிஞ்சினால் 100 யுவான் சேர 1,000 நாள் ஆகும் என்று ஷியாங்ஸி முதல் அதிகாரத்திலேயே கணக்குப் போடுகிறான். பத்து மாவ் ஒரு யுவான். எனவே ஒரு யுவான் என்றால் பத்து நாள் மிச்சம். இதை நாள் சம்பாத்தியம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். குடிக்காமல், புகைக்காமல், சூதாடாமல், வாடகையும் சாப்பாடும் போக நிற்பதுதான் அந்த ஒரு மாவ்.

ஒரு நீள நோட்டில் அதிகாரம், தொகை, நாள், யார் கைக்குப் போனது என்று நான்கு பத்தி போடுங்கள். வாரம்தோறும் கூட்டத்திலேயே நிரப்புங்கள். முதல் வண்டி 96 யுவான், 960 நாள். பட்டாளக்காரர்கள் ஆளையும் வண்டியையும் சேர்த்துப் பிடித்துப்போகிறார்கள். சண்டை வரும் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கும்போது நகருக்கு வெளியே இருக்கும் ட்சிங்ஹுவாவுக்கு 2 யுவான் சவாரி என்று கேட்டதும் துணிந்து போனதால் வந்த வினை. அந்தச் சவாரியின் பேரமும் நோட்டில் ஏற வேண்டும்: 20 நாள் மிச்சத்துக்காக 960 நாளைப் பணயம் வைக்கிறான். முகாமிலிருந்து தப்பும்போது ஓட்டிவந்த மூன்று ஒட்டகங்கள் 35 யுவானுக்குப் போகின்றன, 350 நாள். வண்டி விலையில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல்.

11ஆம் அதிகாரத்தில் சுன் என்ற துப்பறிவாளன் மண் உண்டியலை உடைக்கவைத்து மிச்சம் முழுவதையும் வாங்கிக்கொள்கிறான். அவன்தான் முன்பு ஷியாங்ஸியைப் பிடித்துப்போன படையில் இருந்தவன். இரண்டு இழப்புக்கும் ஒரே முகம் என்பதை நோட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள். இரண்டாவது வண்டி 80 யுவான், மனைவி ஹூநியுவின் பணத்தில் பக்கத்து வீட்டு அர் ச்சியாங்ஸியிடம் வாங்கியது. ஹூநியுவை அடக்கம் செய்ய அந்த வண்டியும் விற்றுப்போகிறது. கடைசி வரவு 24ஆம் அதிகாரத்தில்: ருவான் மிங் என்பவனைக் காட்டிக்கொடுத்து 60 யுவான். 600 நாள் மிச்சத்தை ஒரே நாளில், ஓர் உயிருக்கு விலையாக வாங்குகிறான். முடிவை வெட்டிய பதிப்பில் இந்த வரி நோட்டிலேயே வராது. பதிப்பைப் பற்றி மேலே தோழர் சொன்னதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

‘குடித்துக் கெட்டான்’ என்பவர்களுக்கு நோட்டின் வரிசையைக் காட்டுங்கள். குடியும் புகையும் வழக்கமாவது 19ஆம் அதிகாரத்தில் ஹூநியு இறந்த பிறகுதான். அதற்குள் நோட்டில் ஏறும் பெரிய பண இழப்புகள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டன.

அதைவிட வலுவான பக்கம் 10ஆம் அதிகாரம். குளிர்கால இரவில் தேநீர்க் கடைக்குள் ஒரு கிழவர் பசியில் மயங்கி விழுகிறார். வெளியே அவருடைய பேரன் வண்டியைக் காத்து நிற்கிறான். அந்த வண்டி வாடகை வண்டி இல்லை, கிழவரின் சொந்த வண்டி. சொந்த வண்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதுவரை நம்பிய ஷியாங்ஸிக்கு அடி அங்கே விழுகிறது. கடன் வாங்கிச் சொந்த ஆட்டோ எடுக்க நினைக்கிற தம்பிகள் வட்டத்தில் இருப்பார்கள். அந்த இடத்தை அவசரப்படாமல் படித்துக் காட்டுங்கள்.

டாப்பு வண்டி:

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு சக்கரம், ஓர் அச்சு, அதன் மேல் பட்டைவில், அதன் மேல் பெட்டி, முன்னால் இரண்டு கைக்கட்டை, மேலே மடக்குகிற டாப்பு. பாரம் அச்சின் மேல் சமமாக நின்றால் கையில் எடை தெரியாது. கட்டையைத் தாழ்த்திப் பிடித்தால் பாரம் முன்னால் சாய்ந்து தோள் வலிக்கும். மிகவும் தூக்கினால் வண்டி பின்னால் மல்லாரும். ஓட்டத்தில் இழுப்பவன் இடறினால் கட்டை சடாரென்று இறங்கி, சவாரி முன்னால் தூக்கி எறியப்படும். 7ஆம் அதிகாரத்தில் ஷியாங்ஸி தன்னை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் சாவ் ஐயாவோடு விழுகிறானே, அது இப்படித்தான். சாலை வேலைக்குக் கொட்டிய கல், இருட்டு, எச்சரிக்கைக்கு ஒரு சிவப்பு விளக்கு இல்லை.

புதிதாக இறங்குகிறவனுக்கு முதலில் போவது கணுக்கால். ஷியாங்ஸிக்கும் இரண்டு மூன்று நாளில் வீங்கிவிடுகிறது. வில் எவ்வளவு மெத்தென்று ஆடுகிறது, ஹாரன் எப்படிக் கேட்கிறது என்று அவன் வண்டி பார்க்கிற வரிகளை நிதானமாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கைரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் யாராவது வந்தால் இந்தப் பகுதியை அவர்களிடமே விட்டுவிடலாம்.

கஸ்பா வாசகி:

கணக்கு நோட்டு தோழர் சொன்ன பத்திகளில் பெண்களின் வரிகள் விடுபட்டிருக்கின்றன. அர் ச்சியாங்ஸி தன் மகள் ஷியாவ் ஃபூஸியை ஒரு ராணுவ அதிகாரிக்கு 200 யுவானுக்கு விற்கிறான். 2,000 நாள், இரண்டு புது வண்டியின் விலை. அந்தப் பணத்தில் வாங்கிய வண்டிதான் கைமாறி 80 யுவானுக்கு ஷியாங்ஸியிடம் வருகிறது. அந்த 80இன் பக்கத்தில் இந்த 200ஐயும் எழுதாவிட்டால் கணக்கு முழுமையாகாது. திரும்பி வந்த அவளைத் தம்பிகளின் பசிக்காக உடலை விற்க அனுப்புவதும் அதே தகப்பன்தான்.

ஹூநியுவின் பிரசவத்தையும் சேருங்கள். டாக்டர் வந்து பார்க்க 10 யுவான், பிரசவம் பார்க்க 20, சிக்கலாகி ஆஸ்பத்திரிக்குப் போனால் பல பத்துகள். அதாவது ஒருவர் வந்து எட்டிப்பார்க்கவே 100 நாள் மிச்சம் வேண்டும். சாமியாடியை நம்பினார்கள் என்று மட்டும் சொல்லி அந்த இடத்தைக் கடந்துபோவது அநியாயம். ஆஸ்பத்திரிச் செலவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஹூநியுவை லாவ் ஷ எழுதியிருக்கும் விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அவளை உறிஞ்சிக் குடிக்கிற பிராணியாகவே ஷியாங்ஸியின் கண் பார்க்கிறது, கதையும் பெரும்பாலும் அந்தக் கண்ணோடு போய்விடுகிறது. ஆனால் அவள் தகப்பன் லியு வாடகைக்கு விடுகிற, அறுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ள ஷெட்டின் உள் நிர்வாகம் முழுவதும் அவள் கையில் இருந்தது. முப்பத்தேழு வயதுவரை தகப்பன் அவளைக் கட்டிக்கொடுக்காததற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம். அவள் போக்கு பிடிக்காமல் ஷெட்டையே விற்றுவிட்டுப் போனபோது அவன் அவளுக்கு ஒரு காசு தரவில்லை. நான்காம், ஐந்தாம் வாரங்களில் பேச்சைப் பெண்கள் தொடங்கட்டும்.

காட்பாடி வாசகர்:

மிக்க நன்றி தோழர்களே. நோட்டு போட்டுவிடுகிறோம், பெண்களின் வரிகளோடு. இன்னும் ஒன்று. காவ் மா ஷியாங்ஸிக்குச் சொல்லும் யோசனை நம் சீட்டு மாதிரியே இருக்கிறதே, அப்படிச் சொல்லலாமா? வண்டி ஷெட் முதலாளியை எதோடு ஒப்பிடுவது?

கணக்கு நோட்டு:

சீட்டுதான் தோழர், தயங்காமல் சொல்லுங்கள். 8ஆம் அதிகாரத்தில் வீட்டு வேலைக்காரி காவ் மா மூன்று வழி காட்டுகிறாள்: சிறு தொகையாக வட்டிக்கு விடு, இல்லையென்றால் வங்கியில் போடு, இல்லையென்றால் ஆள் சேர்த்துச் சீட்டு பிடித்து, ஆளுக்கு மாதம் 2 யுவான் வாங்கி, முதல் சீட்டை நீயே எடுத்துக்கொள். நம் ஊரிலும் சீட்டு பிடிப்பவர் முதல் சீட்டை எடுப்பதுண்டு. இருபது பேர் சேர்ந்தால் 40 யுவான் கைக்கு வரும்; தன் மிச்சத்தைக் கூட்டினால் அவனுக்கு வண்டி எட்டும் தூரம். அவன் மூன்றையும் மறுக்கிறான். வட்டிக்கு விட்டால் வசூலிக்க வாய் வேண்டும், சீட்டு பிடித்தால் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும், வங்கிச் சிட்டையில் எழுதிய எண்ணை நம்ப மனம் வரவில்லை. மண் உண்டியலில் போடுகிறான். துப்பறிவாளன் வந்து கேட்டபோது எடுத்துக் கொடுக்க அது கையருகிலேயே இருந்தது.

இதை வைத்து ‘சீட்டு கட்டியிருந்தால் பிழைத்திருப்பான்’ என்று முடித்துவிடாதீர்கள். காவ் மாவின் வழி ஒருவனை மேலே ஏற்றலாம், பட்டாளத்தையும் போலீசையும் தடுக்காது. அந்த நகரத்தில் 1920களில் ரிக்‌ஷா இழுத்தவர்கள் சுமார் 60,000 பேர். அவர்கள் சேர்ந்து நின்றதும் உண்டு. 1924 கடைசியில் ஓடத் தொடங்கிய டிராம் தங்கள் பிழைப்பைப் பறிக்கிறது என்று 1929 அக்டோபர் 22 அன்று டிராம் வண்டிகளை அடித்து நொறுக்கினார்கள். அது நாவலில் இல்லை, ஆனால் கடைசி வாரத்தில் சொல்ல வேண்டிய தகவல்.

ஷெட் முதலாளி லியுவை ஒரே ஆளோடு ஒப்பிட முடியாது. கல்யாணமாகாதவர்களுக்குத் தங்க இலவச இடம், மற்ற ஷெட்டைவிட நல்ல வண்டி, பண்டிகைக்கு இரண்டு நாள் வாடகை கூடுதலாகத் தள்ளுபடி. பதிலுக்கு நாள் வாடகை அதிகம். கட்டாதவனின் படுக்கையைப் பிடித்துவைத்துக்கொண்டு வெளியே தள்ளுவான். ஆட்டோக்காரர்கள் வண்டி முதலாளியையும் தண்டல்காரரையும் சேர்த்து நினைப்பார்கள். பீடிக்காரர்கள் இலையும் தூளும் கொடுத்துவிட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணி, சரியில்லாத பீடியைக் கழிக்கிற ஒப்பந்தக்காரரைச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு முறை: லியு நாள் தவறாமல் வாடகை வாங்குகிறான், பீடி ஒப்பந்தக்காரர் வேலையை அளந்து பிடிக்கிறார். முதலாவதில் சவாரி கிடைக்காத நாளின் நட்டம் முழுவதும் இழுப்பவன் தலையில். இரண்டாவதில் சரக்கு மட்டமாக இருந்தாலும் கழிவு சுற்றுபவர் தலையில். ஐந்தாம் அதிகாரம் முடிந்ததும் இரண்டு தரப்பையும் அவரவர் கணக்கைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.