மாவட்டவாரி உயிரிழப்பு வரைபடத்தில் திருகோணமலை ஏன் இவ்வளவு வெளிறித் தெரிகிறது?

உவர்மலை_புவியியல்:

வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்கு வரைபட வேலை பழக்கலாம் என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் தொகுக்கிற மோதல் தரவை இறக்கினேன். அதில் இலங்கையை மட்டும் பிரித்து, அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான மோதல் என்பதை மட்டும் வைத்து, மாவட்டவாரியாக உயிரிழப்பைக் கூட்டி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நிறம் கொடுத்தேன். முல்லைத்தீவு கடும் சிவப்பு, கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும் அதற்கு அடுத்தது. அது தெரிந்ததுதான். ஆனால் எங்கள் மாவட்டம் ஏதோ ஓரமாக இருந்து பார்த்த ஊர் மாதிரி வெளிறிப்போய் நிற்கிறது.

2006ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்களின் கொலை, ஏப்ரல் 12 மரக்கறிச் சந்தைக் குண்டும் அதன் பிறகு நடந்த எரிப்பும் வெட்டும், ஒகஸ்டில் மூதூர். அந்த வருசம் இந்த ஊரில் இருந்த யாரிடமும் இந்த வரைபடத்தைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. வகுப்பில் திரையில் போட்டபோது ஒரு பிள்ளை எழுந்து வந்து மூதூருக்குக் கீழே விரலை வைத்து, "சேர், 90இல காணாமப்போன எங்கட பெரிய மாமா இதில எங்க?" என்று கேட்டாள். தரவில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் கூட்டியது பிழையா, தரவு பிழையா? சனத்தொகையால் பிரித்துப் போடலாம் என்றால் எந்த ஆண்டுக் கணக்கை எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தரவுக்காரி:

சேர், கூட்டலில் பிழை இல்லை, வடிகட்டியதில்தான் பிழை. அந்தத் தரவில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வகை எண் இருக்கும். 1 என்றால் அரசு ஒரு பக்கமாக நிற்கிற ஆயுத மோதல், 2 என்றால் அரசு சாராத இரண்டு குழுக்களுக்குள் நடப்பது, 3 என்றால் ஆயுதமில்லாத பொதுமக்களை நேரே கொல்வது, அதாவது ஒருதலை வன்முறை. நீங்கள் அரசு எதிர் புலிகள் என்று மட்டும் வைத்தபோது 3 முழுக்கப் போய்விட்டது. காந்தி சிலையடியில் நடந்தது சண்டையா? பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பேரை மூதூர் அலுவலகத்தில் வரிசையாகச் சுட்டது சண்டையா? திருகோணமலையில் செத்தவர்களில் பெருந்தொகை சண்டையில் சாகவில்லை. சந்தையில், கடற்கரையில், வயலில், பஸ்ஸில் செத்தார்கள். முன்னரங்கு என்று ஒன்று நீளமாக நின்றது வடக்கில். இங்கே அப்படி ஒரு கோடே பெரும்பாலான காலம் இருக்கவில்லை. அதனால் சண்டையை மட்டும் எண்ணினால் எங்கள் ஊர் வெளிறித்தான் தெரியும்.

அடுத்தது, புள்ளி வைக்கப்பட்டிருக்கிற இடம். இடத் துல்லியம் என்று 1 முதல் 7 வரை ஒரு நிரல் இருக்கிறது, பார்த்தீர்களா? 1 என்றால் சரியான இடம் தெரியும், 4 என்றால் மாகாணம் மட்டும்தான் தெரியும். மாகாணம் மட்டும் தெரிந்ததற்கும் ஏதோ ஒரு இடத்தில் புள்ளி குத்தத்தான் வேண்டும், குத்தியிருப்பார்கள், அதை நீங்கள் ஒரு மாவட்டத்தின் கணக்கில் சேர்த்திருப்பீர்கள். 4ஐயும் அதற்கு மேற்பட்டதையும் மாவட்ட வரைபடத்தில் சேர்க்கவே வேண்டாம், தனியாக எழுதி வையுங்கள்.

கந்தளாய்ச்_சந்தி:

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தத் தரவு 1989இல்தான் தொடங்குகிறது. 1983 யூலை அதில் இல்லை. 1985இல் நடந்த திரியாய், கிளிவெட்டிப் படுகொலைகள் இல்லை. 1987 ஏப்ரல் 17, பெரிய வெள்ளிக்கிழமை, ஹபரணை வீதியில் அலுத் ஓயாவுக்குக் கிட்ட பஸ்களை மறித்து 127 சிங்களச் சனத்தைப் புலிகள் கொன்றதும் இல்லை. எங்கள் மாவட்டத்தின் சனப் பரம்பலையே மாற்றிப்போட்ட ஆண்டுகள் அவை, கிராமங்கள் எரிந்ததும் சனம் ஓடியதும் அப்போதுதான். நான் அந்த வீதியில் முப்பது வருசம் லொறி ஓட்டினவன். அலுத் ஓயா தாண்டும்போது இப்போதும் ரேடியோவை நிறுத்திவிடுவேன்.

வீதி என்று சொன்னதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2006 ஒக்டோபர் 16, திகம்பத்தானையில் கடற்படையினரின் பஸ் தொடருக்குள் குண்டு லொறியை விட்டு நூறு பேர் வரையில் செத்தார்கள். விடுமுறைக்குப் போக இருந்த பெடியன்கள். அங்கே கூடியிருந்த பஸ்களில் பலது திருகோணமலையில் இருந்து வந்தவை. செத்தது மாத்தளை மாவட்டத்துக் கணக்கு. வீடு குருநாகலோ காலியோ, யாருக்குத் தெரியும். அந்த வீதியை ஒரு கோடாகப் போட்டுப் பாருங்கள், சேர். மாவட்ட எல்லை சொல்லாததை அந்தக் கோடு சொல்லும்.

பழைய_வார்ட்:

நான் வைத்தியசாலையில் சிற்றூழியராக இருந்து ஓய்வு பெற்றவன். செத்த இடமும் சொந்த இடமும் வேறு வேறு என்று லொறி அண்ணன் சொன்னதை நான் கண்ணால் கண்டவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் மரணம் பதியப்படுவது உயிர் போன இடத்துப் பதிவாளரிடம். மூதூரில் காயப்பட்டவரைப் படகில் கொண்டுவந்து, திருகோணமலையில் உயிர் போனால் அவர் 'பட்டினமும் சூழலும்' என்ற பிரிவின் கணக்கு. அது சின்னக் கலப்பு. பெரிய கலப்பு 2009இல் வந்தது. பெப்ரவரி 10ஆம் திகதியளவில் முதல் தடவையாக செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு புதுமாத்தளன் கரையில் இருந்து காயக்காரரை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தது. பிறகு கிரீன் ஓஷன் என்ற கப்பல் தொடர்ந்து ஓடியது. மே மாதத்து முதல் பாதி வரைக்கும் காயக்காரரும் கூட வந்தவர்களுமாக 13,000 பேருக்கு மேல் கடலால் எடுத்தார்கள். முதலில் இங்கே, பிறகு பெருந்தொகையானவர்களைப் புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு போட்டிருந்த கள வைத்தியசாலைக்கு. இரண்டும் எங்கள் மாவட்டம்.

இறங்குதுறையில் தூக்கினவர்களில் நானும் ஒருவன். சிலரின் கையில் மட்டைத் துண்டு கட்டியிருக்கும், பெயரும் இடமும் எழுதி. உப்புத் தண்ணீர் பட்டு மை ஊறிப்போயிருக்கும். பெயர் வாசிக்க வராது, இடம் மட்டும் வாசிக்க வரும்: பொக்கணை, மாத்தளன், வலைஞர்மடம். அது அவர்களின் ஊர் இல்லை. காயப்பட்ட இடம். ஊரைக் கேட்டால் ஒருவர் மன்னார் அடம்பன் என்பார், ஒருவர் பரந்தன் என்பார், இரண்டு வருசமாக இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அந்தக் கரைக்கு வந்தவர்கள். ஒரு அம்மா, வயிற்றில் காயம், ஊரைச் சொல்லவே இல்லை. வீட்டில் மாடு கட்டி இருக்கிறது, அவிழ்த்து விடாமல் வந்துவிட்டேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த நாள் விடிய முடிந்துவிட்டது. அவரை உங்கள் வரைபடத்தில் எங்கே போடுவீர்கள்? பதிவுப்படி திருகோணமலை. ஷெல் விழுந்தது முல்லைத்தீவு. வீடு எது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

அதனால் தம்பி, மூன்று நிரல் வையுங்கள். அடி விழுந்த இடம், உயிர் போன இடம், சொந்த ஊர். தெரியாததை வெறுமையாக விடுங்கள், இட்டு நிரப்ப வேண்டாம்.

கட்டைபறிச்சான்_பக்கம்:

ஐயா எழுதியதை வாசித்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் மூதூர். மாவட்டம் என்கிற அலகே எங்கள் இடத்துக்குப் பெரிசு. திருகோணமலையில் 11 பிரதேச செயலகப் பிரிவு இருக்கிறது, பதவிசிறிபுரவையும் வெருகலையும் கூட்டி சராசரி பார்த்தால் இரண்டு இடத்துக் கதையும் அழிந்துபோகும். 2006ஐ எடுத்தால் யூலையில் மாவிலாறு அணைக்கதவு பூட்டப்பட்டது, விமானத் தாக்குதல் தொடங்கியது, ஒகஸ்ட் தொடக்கத்தில் இயக்கம் (புலிகள்) மூதூருக்குள் வந்தது, இரண்டு பக்கத்து ஷெல்லுக்கும் நடுவில் சனம். முஸ்லிம்கள் நாங்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடந்தோம். செப்டெம்பர் 4இல் இராணுவம் சம்பூரைப் பிடித்தது, அந்தத் தமிழ்ச் சனம் வாகரைப் பக்கம் ஓடி, மட்டக்களப்பில் முகாம், பிறகு கிளிவெட்டி முகாம், சம்பூர்க்காரர் பலர் காணிக்குத் திரும்பினது 2015க்குப் பிறகு. இவ்வளவும் ஆறு கிழமைக்குள் தொடங்கியது, கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில். அதே ஆண்டு ஏப்ரலில் கோமரங்கடவல வயலில் சிங்கள விவசாயிகளைக் கொன்றார்கள், அது மாவட்டத்தின் மறு மூலை, காரணமும் வேறு, பயமும் வேறு.

அந்தத் தொண்டு நிறுவனப் பிள்ளைகள் 17 பேரில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பெரும்பாலானவர்களின் வீடு பட்டினத்தில். வேலைக்காகக் குடாவைக் கடந்து வந்தவர்கள். செத்த இடம் மூதூர் என்று புள்ளி குத்தினால் சரிதான், ஆனால் அழுத வீடுகள் எதிர்க்கரையில்.

ஆகவே ஆண்டுக் கணக்கு வேண்டாம், மாதக் கணக்குப் போடுங்கள். மாவட்டம் வேண்டாம், பிரிவுகளைப் போடுங்கள்.

தரவுக்காரி:

சனத்தொகைக் கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். அது லேசில்லை. 1981இல் நாடு முழுக்கக் குடிசன மதிப்பீடு நடந்தது, எங்கள் மாவட்டம் சுமார் இரண்டரை இலட்சம். 1991இல் நடக்கவேயில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ணினார்கள், வடக்கு கிழக்கில் அம்பாறை தவிர மற்றவை முழுமையில்லை, திருகோணமலையும் அதற்குள். 2012இல்தான் மறுபடி முழுசாக, அப்போது ஏறக்குறைய 3.8 இலட்சம். நடுவில் முப்பது வருசம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பெரும்பாலும் ஊகம். அதோடு 1981இல் கிளிநொச்சி தனி மாவட்டம் இல்லை, 1984இல்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து பிரித்தார்கள். ஒரு இலட்சத்துக்கு இத்தனை பேர் என்று தசம புள்ளியோடு போட்டால் பார்க்கிறவர்கள் அதை நம்பிவிடுவார்கள். நான் என்றால் எண்ணிக்கையை மட்டும் காட்டி, பக்கத்தில் 1981 சனத்தொகையை எழுதிவிடுவேன்.

குறைந்தது, கூடியது, சிறந்த மதிப்பீடு என்று மூன்று எண் ஒவ்வொரு சம்பவத்துக்கும் இருக்கும். மூன்றையும் காட்டுங்கள். போரின் கடைசி மாதங்களில் செத்தவர்கள் 40,000 பொதுமக்கள் வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது, 70,000 வரை போகலாம் என்று அடுத்த ஆண்டின் ஐ.நா. உள்ளக அறிக்கை எழுதியது. தொகைமதிப்புத் திணைக்களம் தனியாகச் செய்த இறப்புக் கணக்கெடுப்பு வடமாகாணத்துக்கு மட்டும். கிழக்குக்கு அப்படி ஒன்று செய்யவேயில்லை. எனக்கு இதில் இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

மாத்தளை_மலை:

இடையில் வருகிறேன். தெற்கு வெளிறியிருப்பது தெரிந்ததுதான் என்பது போல சேர் நினைத்திருந்தால் அதையும் திருத்துங்கள். 1987 முதல் 89 வரை ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியும் அதை அடக்கியதும் மாத்தறை, அம்பாந்தோட்டை, கண்டி, மாத்தளை என்று பதினாயிரக்கணக்கில் உயிர் குடித்தது. வடிகட்டியில் புலிகளை மட்டும் வைத்ததால் அது முழுக்க மறைந்தது, வைக்காவிட்டாலும் 1989க்கு முந்தியது கிடைக்காது. 2012இல் எங்கள் ஆஸ்பத்திரி வளவில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புக்கூடு எலும்புக்கூடாக வந்தது, நூற்றைம்பதுக்கும் மேல். எந்தக் காலத்தது என்பதிலேயே இன்று வரை சண்டை. டயர் எரிந்த மணம் பற்றி எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் இன்னமும் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். ஒரே நாடு, ஒரே ஆண்டு, வடகிழக்கில் இந்திய அமைதிப்படைக் காலம், தெற்கில் இது. பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

உவர்மலை_புவியியல்:

எல்லோருக்கும் நன்றி, ஐயாவுக்கு விசேடமாக. நேற்றிரவு வடிகட்டியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். நிறம் ஏறியது. மாதவாரியாகப் பிரித்தபோது 2006 ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை கொட்டியாரக் குடாவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வந்தது, நிலாவெளிப் பக்கமும் வந்தது. முன்பு நான் ஒரே நிறமாகப் பூசி மறைத்தது இதைத்தான். ஹபரணை வீதியைக் கோடாகப் போட்டுவிட்டேன், 1989க்கு முந்தியதைக் கையால் சேர்க்கப்போகிறேன், வேறு நிறத்தில், எங்கே இருந்து எடுத்தது என்று எழுதி.

அந்தப் பிள்ளையின் மாமா எதிலும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தரவில் இடமில்லை, செத்தது உறுதி என்றால்தான் எண்ணுவார்கள். குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்து, 2016க்குப் பிறகு கொடுக்கிற காணவில்லை என்ற சான்றிதழைத்தான் வாங்கி வைத்திருக்கிறது. நேற்று வகுப்பில் அவளிடம் அதைச் சொன்னேன். அப்ப அவருக்கு ஒரு வெறும் வட்டம் போடலாமா சேர், உள்ளே நிறம் இல்லாமல், என்று கேட்டாள். போட்டோம். மற்றப் பிள்ளைகளும் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தார்கள், இன்றைக்குப் பதினொரு வட்டம், பெயர் எழுதவில்லை.

ஒரு சின்ன உதவி. 1996 பெப்ரவரி 11 குமாரபுரம் படுகொலை, தரவில் கிளிவெட்டியில் புள்ளி விழுகிறது. சரியான இடம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

கட்டைபறிச்சான்_பக்கம்:

இருக்கிறேன் சேர். கிளிவெட்டிக்குக் கிட்டத்தான், ஆனால் தனிக் கிராமம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகிற வேலை இருக்கிறது, நினைவுத் தூணடியில் நின்று போனில் இடக்குறி எடுத்து அனுப்புகிறேன்.