குளிர் ஊரில் கோல்ஃப் பழகும் பிள்ளை: குமரிக்காரர் கேள்வியும் பதிலும்

நாகர்கோவில்ல இருந்து கனடாவுல ஒன்டாரியோ வந்து 6 மாசம் ஆச்சு. மகனுக்கு 10 வயசு, கோடையில கோல்ஃப் சேர்ந்தான். நவம்பர்ல மைதானத்தைப் பூட்டிட்டாங்க, இனி ஏப்ரல்லதானாம். வருஷம் பூரா வெயில் அடிக்கிற ஊர்ப் பிள்ளைகளோட இவனால போட்டி போட முடியுமா அண்ணே?

பதில் 1:
முடியும் தங்கச்சி. மைக் வியர் ஒன்டாரியோக்காரர்தான், 2003ல கோல்ஃப்ல பெரிய போட்டியான மாஸ்டர்ஸ் ஜெயிச்சார். விக்டர் ஹோவ்லண்ட் நார்வேயில ஆஸ்லோவில் வளர்ந்து, குளிர்காலத்துல கூரைக்குக் கீழ பந்தடிச்சுப் பழகினவர்; 2018ல அமெரிக்க அமெச்சூர் பட்டம் எடுத்தார். ஆனா தொழில்முறைக்கு வந்த புதுசுல சிப்பிங்ல, அதாவது குழி இருக்கிற புல்தரைக்குப் பக்கத்துல இருந்து மெதுவா அடிக்கிற சின்ன அடியில, அவர் ரொம்பத் தடுமாறினார். கூரைக்குக் கீழ ஸ்விங் வளரும். புல்லும் மணலும் தர்ற கைப்பக்குவத்துக்குத்தான் வழி பார்க்கணும்.

உள்ளரங்கத்துல செயற்கைப் புல் பாய் மேல அடிக்கும்போது மட்டை பந்துக்கு ஓர் அங்குலம் பின்னாலயே தரையைத் தொட்டாலும் வழுக்கிப் போயிப் பந்தைத் தூக்கிடும். பையன் நல்ல அடின்னு நினைப்பான். ஏப்ரல்ல அதே அடியைப் புல்லில அடிச்சா மட்டை மண்ணைத் தோண்டும், பந்து பத்தடி தாண்டாது. அதனால பந்துக்குப் பின்னால 4 அங்குலம் தள்ளி ஒரு சின்னத் துண்டை மடிச்சுப் போடுங்க. துண்டு நகர்ந்தா அந்த அடி தப்பு. ஒரு தடவைக்கு 50 பந்து போதும். பாய்க்குக் கீழ கான்கிரீட்னா மணிக்கட்டு வலிக்கும்.

டிசம்பர்ல ஊருக்குப் போறீங்கன்னா சாண்ட் வெட்ஜ் (மணல்ல இருந்து பந்தைத் தூக்குற மட்டை) ஒண்ணைப் பெரிய பெட்டியில வைங்க, கைப்பையில விடமாட்டாங்க. காலையில ஆள் வர்றதுக்கு முன்னாடி சங்குத்துறை கடற்கரையில காய்ஞ்ச மணல்ல நீளமா ஒரு கோடு கிழிச்சு, மட்டை அந்தக் கோட்டுலயே இறங்குற மாதிரி 30 வீச்சு. பள்ளம் கோட்டுல தொடங்கினா சரி, பின்னால தொடங்கினா உடம்பு பின்னங்கால்லயே நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் கோட்டுக்கு 2 அங்குலம் முன்னால, பந்து போகிற பக்கமா, பந்தை வச்சு அடிக்கணும். அலை நனைச்ச மணல் வேண்டாம், மட்டை எகிறிடும். முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவித் துடைச்சிருங்க, உப்புக்குத் துரு ஏறிடும்.

பதில் 2:
ஜூன்ல டொரண்டோ பக்கம் 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். நம்மூர்ல ஆறே முக்காலுக்கே மங்கிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தும் ஒன்பது குழி ஆடலாம். ஏப்ரல்ல பந்து தூரம் போகலைன்னு பையனை வேகமா வீசச் சொல்லாதீங்க, குளிர்ந்த காத்துக்கு அடர்த்தி அதிகம், பந்தும் விறைச்சிருக்கும். கார் டிக்கியில ராத்திரி கிடந்த பந்தை எடுக்காம, வீட்டுக்குள்ள வச்சதைக் கொண்டு போங்க. குளிர்காலத்துல பிள்ளை வளர்ந்திருப்பான், மட்டை நீளத்தையும் ஒரு தடவை பாத்துக்கோங்க.